தயவு இல்லாத மனு

'தயவுகூர்ந்து' என்ற சொல்லை அவள் தட்டச்சு செய்ய மாட்டாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்தைத் தாண்டி அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு மனு அடித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. திங்கட்கிழமை கலெக்டர் மனு வாங்கும் நாள். அன்று விடிந்ததிலிருந்தே கடை முன்னால் கூட்டம் நிற்கும். பட்டா மாறாதவர்கள், முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்கள், வீட்டு வாசலில் சாக்கடை தேங்கியவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவள் விரல்கள் ஓடும். 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் விரல்கள் அப்படியே நின்றுவிடும்.

"கருணை வேணாம் பெரியவரே. பென்ஷன் உங்களுக்கு வரணும்னு சட்டத்துல இருக்கா இல்லியா?"

"இருக்குன்னுதாம்மா சொல்றாங்க."

"அப்ப அதைச் சொல்லுங்க. அடிக்கிறேன்."

சிலர் பயந்துகொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். கடைக்காரருக்கு இது பெரிய தலைவலி. ஆனாலும் அவளை அனுப்பவில்லை. அவ்வளவு வேகமாகவும் பிழை இல்லாமலும் அடிக்க அந்தத் தெருவில் வேறு ஆள் கிடையாது.

நான் அவளை முதலில் பார்த்ததும் அந்தக் கடையில்தான். என் மாமனார் இறப்புச் சான்றிதழில் அவர் பெயரை வேறு யாருடைய பெயராகவோ மாற்றி எழுதிவிட்டார்கள். திருத்தச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று போடச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, தப்புப் பண்ணியது அவர்கள், தாழ்மை உங்களுக்கு எதற்கு என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தாழ்மை இல்லாத மனுவைக் கொண்டுபோய்ப் பயந்து பயந்துதான் கொடுத்தேன். வாங்கியவர் அதைக் கவனிக்கவேயில்லை. எப்போதும் ஆகிற தாமதம்தான் ஆனது. சான்றிதழ் வந்தது.

சில மாதம் கழித்து அவளை என் மகன் சேர்ந்த பள்ளியில் மறுபடி பார்த்தேன். பள்ளி வாசலில் நிற்கிற பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. நான் தருண் அம்மா. அவள் ஆக்னஸ் அம்மா. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் பழகியும் அவளை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தருணும் ஆக்னஸும் ஒரே எல்.கே.ஜி. வகுப்பு. நாங்கள் கட்டணம் கட்டிச் சேர்த்தோம். என் கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். இரண்டு சம்பளமும் சேர்ந்தால்தான் அந்தப் பள்ளி. ஆக்னஸ் சேர்ந்தது வேறு வழியில். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் கால் பங்கு இடத்தைச் சுற்றுவட்டாரத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், எட்டாம் வகுப்பு வரை அந்தக் கட்டணத்தை அரசாங்கம் பள்ளிக்குக் கொடுத்துவிடும் என்று சட்டம் வந்திருந்தது. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல். ஆக்னஸின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. வீடு பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி.

குலுக்கல் நடந்த அன்று நான் கட்டணம் கட்ட வந்து ஹால் வாசலில் நின்றிருந்தேன். பெயர்கள் எடுத்து முடிந்ததும் பள்ளித் தாளாளர் மைக்கைப் பிடித்தார். கெட்டவர் இல்லை. வயதானவர், பேசப் பிடிக்கும். எங்கள் நிர்வாகம் பெரிய மனதோடு உங்கள் பிள்ளைகளை ஏற்றுக்கொள்கிறது, நீங்கள் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி பேசினார். பெற்றோர்கள் கை தட்டினார்கள். சிலர் கும்பிட்டார்கள். நடு வரிசையிலிருந்து எழுந்தது அந்த ஜெராக்ஸ் கடைப் பெண்.

"பெரிய மனசு எதுக்கு சார். சட்டம் போதும்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் குரல் இயல்பிலேயே ஹாலின் கடைசி வரைக்கும் போகும் குரல். தாளாளர் சிரித்து மழுப்பினார். பக்கத்தில் இருந்தவள் அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

வாசலில் நாங்கள் காத்திருக்கும்போது யாராவது 'ஃப்ரீ சீட்டு' என்று சொல்லிவிட்டால் போதும், பேச்சை நிறுத்தித் திருத்துவாள். ஃப்ரீ இல்லை, அரசாங்கம் கட்டுகிறது. அரசாங்கத்துக்கு ஏது காசு? நான் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிறேன் என்பாள். முதல் தடவை கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நாலாவது தடவை எரிச்சலாக இருக்கும். எனக்கே இருந்திருக்கிறது. ஒரு நாள் ஒரு அம்மாள், அரசாங்கப் பள்ளியில் சைக்கிள்கூட இலவசமாகக் கொடுக்கிறார்களே, அங்கே சேர்த்திருக்கலாமே என்றாள். அதற்கும் பதில் வைத்திருந்தாள். அவர்களே அதை இலவசம் என்று சொல்வதில்லை, விலையில்லாச் சைக்கிள் என்கிறார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது என்றாள்.

பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் பள்ளியில் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கழுத்தில் நீலக் கயிறு. குலுக்கலில் வந்த பிள்ளைகளுக்கு மட்டும் மஞ்சள் கயிறு. அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது கணக்குக் காட்ட வசதி என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அரசாங்கம் போன வருடத்துப் பாக்கியையே இன்னும் தரவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் இரண்டு நாளில் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வேனில் ஏறும்போது, மஞ்சக்கயிறெல்லாம் பின்னாடி போ என்பார்களாம்.

அன்று சாயந்திரம் வாசலில் நின்றிருந்த எங்களைப் பார்த்து அவள் சொன்னாள். "எம்பொண்ணுக்கு இந்த வயசுலயே மஞ்சக்கயிறு கட்டிட்டாங்க. மாப்ள யாருன்னுதான் சொல்ல மாட்டேங்கறாங்க."

எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. எங்கள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மறுநாள் காலையில் அவள் கழுத்திலும் ஒரு மஞ்சள் கயிறு. அதில் ஜெராக்ஸ் கடையின் விசிட்டிங் கார்டைக் கோத்திருந்தாள். கோஷம் இல்லை, சண்டை இல்லை. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும்வரை வாசல் ஓரமாக நிற்பாள். மறுபடி சாயந்திரம் வந்து நிற்பாள். கேட்கிறவர்களிடம், மகள் போட்டிருக்கிறாள், அதனால் நானும் போட்டிருக்கிறேன் என்பாள். அந்த வாரக் கடைசியில் ஸ்டேஷனரி கடையில் மஞ்சள் கயிறுகளை மொத்தமாக வாங்கி வந்து மற்ற தாய்மார்களிடம் நீட்டினாள். உங்கள் பிள்ளைக்கும் ஒன்று போட்டு அனுப்புங்கள், எல்லாரும் மஞ்சள் போட்டால் மஞ்சளுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்றாள்.

பெரும்பாலானவர்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். குலுக்கலில் வந்த பிள்ளைகளின் தாய்மார்களே அவளிடமிருந்து விலகி நின்றார்கள். இருக்கிறதையும் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். நான் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் சொன்னபோது என் கணவர், "நம்ம புள்ள உள்ள இருக்குது. நமக்கு இன்னாத்துக்கு வம்பு" என்றார். நம் பிள்ளை உள்ளே இருக்கிறது என்பதுதான் அந்த வாசலில் நிற்கும் அத்தனை பேருடைய வாயையும் கட்டிய கயிறு.

கயிறு பையிலேயே கிடந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது தருண் எதையோ விளக்குகிற மாதிரி என்னிடம் சொன்னான்: "அம்மா, ஆக்னஸ் ஃப்ரீ. நான் காசு." வீம்பாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்கிற மாதிரி, படித்த பாடத்தைச் சொன்னான். அவனுக்கு இதை யாரும் புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுநாள் காலை நான் அவன் அட்டையில் நீலக் கயிற்றை அவிழ்த்துவிட்டு மஞ்சளைக் கோத்தேன்.

பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து ஃபோன். போனேன். தலைமை ஆசிரியை முன்னால் உட்கார்ந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏன் கயிற்றை மாற்றினீர்கள் என்று கேட்டார். அவனுக்கு மஞ்சள் பிடிக்கும் மேடம் என்றேன். சாயந்திரம் வாசலில் அவளிடம் இதைச் சொன்னபோது பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்கக்கா. புடிக்கும்னு சொல்லாதீங்க," என்றாள். அதோடு முதல் தடவையாக என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

அப்புறம் இன்னும் சில பிள்ளைகள் மஞ்சளில் வந்தார்கள். ஒரு டாக்டரின் மகள், வாழை மண்டிக்காரர் பேரன். திங்கட்கிழமை அவள் தன் மனுவைத் தானே அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரோ விசாரிக்க வந்தார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது எல்லாப் பிள்ளைகளின் கழுத்திலும் பச்சைக் கயிறு. பள்ளியின் புது நிறம் பச்சை என்று சுற்றறிக்கை வந்தது. ஏன் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அவளும் கேட்கவில்லை.

இந்தக் குணத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை அவள் கணவருக்கு ஐஸ் பாளம் காலில் விழுந்து பல வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. அவர்கள் போகும் சர்ச்சில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஏதோ உதவி திரட்டினார்கள். பூசைக்கு வந்தவர்கள் முன்னால் அறிவித்துக் கொடுப்பது வழக்கம். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். கணவர் அவளோடு பேசுவதை நிறுத்தினார். அந்த வாரங்களில் ஆக்னஸின் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று தருண் சொல்லி எனக்குத் தெரியும். சாம்பார் சாதமும் முட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். திருப்பி அனுப்புவாள் என்றுதான் நினைத்தேன். பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்தாள். உங்களிடம் வாங்கலாம், நாளைக்கு நீங்களும் என்னிடம் வாங்குவீர்கள் என்றாள். அவளுக்குள் இப்படி ஒரு தராசு இருந்தது. அதில் மகளின் பசியை எந்தத் தட்டில் வைத்தாள் என்று நான் கேட்டதில்லை.

ஆக்னஸ் நன்றாகப் படித்தாள். கணக்கு என்றால் அவளுக்கு விளையாட்டு. எட்டாம் வகுப்பு முடியும்போது வகுப்பிலேயே முதலாவது. சட்டம் கொடுக்கும் பாதுகாப்பும் அதோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம். அவர்களால் முடியாது. அப்போது தாளாளர் ஆக்னஸ் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆக்னஸிடம் ஒரு பைசா வாங்கப் போவதில்லை, நிர்வாகத்தின் உதவித்தொகை என்றார். ஆண்டு விழாவில் மேடையில் வைத்து அறிவிப்போம். பிள்ளை இரண்டு வார்த்தை நன்றி பேசட்டும், ஃபோட்டோவை வாசலில் ஃபிளக்ஸ் போட்டு வைப்போம் என்றும் சொன்னார்.

வேண்டாம் என்றுவிட்டு வந்தாள்.

செய்தி கேட்டு எனக்கு ஆத்திரமாக வந்தது. மாலை வேலை முடிந்து நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் அவளை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்தோம். ஒரு ஃபோட்டோவில் என்ன குறைந்துவிடும், ஒரு நாள் மேடை ஏறினால் நாலு வருஷம் படிப்பு என்று நான் பாட்டுக்குப் பேசினேன். நான் ஓய்ந்ததும் அவள் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்குச் சொந்த ஊர் சிதம்பரம். அவள் அம்மா அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளியில் பெஞ்சு துடைக்கிற வேலை செய்தாள். அதனால் மகளுக்கு அங்கேயே படிப்பு, விடுதி, சீருடை எல்லாம். வருடத்துக்கு ஒரு தடவை உதவி செய்கிறவர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். அவர்கள் முன்னால் நன்றி சொல்ல ஒரு பிள்ளை வேண்டும். குரல் நன்றாக இருந்ததால் இவளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் வருடம் இவள் பேசி முடித்தபோது வந்திருந்த ஒரு அம்மாள் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு வருடாவருடம் இவள்தான். எந்த இடத்தில் நிறுத்தினால் கண்ணைத் துடைப்பார்கள், எந்த இடத்தில் தலையைக் குனிய வேண்டும் என்றெல்லாம் தெரிந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு சீருடை என்றால் இவளுக்கு இரண்டு.

"நன்றி சொல்றதுல நாந்தாங்கா ஃபர்ஸ்ட். என்னை யாரும் அடிச்சிக்க முடியாது," என்றாள். "பிளஸ் டூ-ல நல்ல மார்க். காலேஜ் போவணும்னு ஆச. அவுங்களே கூடி உக்காந்து பேசிட்டு, உனக்கு டைப்ரைட்டிங் போதும், சீக்கிரம் வேல கெடைக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. என்னைக் கேக்கல. நானும் எனக்குக் காலேஜ் வேணும்னு சொல்லல. வாயத் தொறந்தா நன்றிதான் வந்துச்சு. அதுக்கும் ஒரு நன்றியுரை சொல்லிட்டு, பொட்டியத் தூக்கினு வந்துட்டேன்."

ஆட்டத்தில் யாரோ அவுட் ஆகிப் பையன்கள் கூச்சலிட்டார்கள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அழ வைக்கத் தெரிந்தவள் அழமாட்டாள் போலிருக்கிறது.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், சோறு போட்டார்கள், எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். ஆனால் தயவில் படிக்கிற பிள்ளைக்குக் கேட்கிற பழக்கம் வராது. அந்தப் பழக்கம் என் மகளுக்கு வர வேண்டும். அவள் மேடை ஏறி நன்றி சொல்லக் கற்றுக்கொள்ளக் கூடாது என்றாள்.

எனக்கு மனது இளகியிருக்க வேண்டும். இளகவும் செய்தது. ஆனால் கோபம் போகவில்லை.

"அவுங்க உன்னைக் கேக்காம முடிவு பண்ணாங்க. நீ ஆக்னஸைக் கேட்டியா?" என்றேன்.

அவள் புடவையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

கேட்கவில்லை. ஆக்னஸுக்கு அங்கேயே இருக்கத்தான் ஆசை. தோழிகள் எல்லாரும் அங்கே. பிரியும்போது என் வீட்டுக்கு வந்து தருண் முன்னால் அழக்கூடாது என்று சமையலறையில் வந்து நின்று அழுதது குழந்தை. அந்தச் சமயத்தில் சிதம்பரத்தில் இருந்த ஆக்னஸின் பாட்டிக்கும் உடம்பு முடியாமல் போகவே, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள். ஆக்னஸை ஊரை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தாள். அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. எப்போதாவது ஃபோனில் பேசுவோம். பள்ளியில் பெற்றோர் குழுவில் இருப்பதாகவும், தண்ணீர்த் தொட்டி கழுவாததைப் பற்றி ஒரு மனு போட்டதாகவும் சொல்வாள். மகளைப் பற்றிக் கேட்டால், நன்றாகப் படிக்கிறாள், என்னிடம்தான் சரியாகப் பேசமாட்டேன் என்கிறாள் என்பாள்.

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்து சில நாள் கழித்து ஆக்னஸே என்னைக் கூப்பிட்டாள். நல்ல மதிப்பெண். ஆனால் அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் கணக்குப் பிரிவைத் திறக்கவில்லை. மேல்நிலைக் கணக்கு ஆசிரியர் ஓய்வு பெற்றுப்போய் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. கணக்குப் படிக்க நினைத்த பெண்களை எல்லாம் வேறு பிரிவில் சேரச் சொல்கிறார்கள். "அம்மாகிட்ட சொல்லுங்க ஆன்ட்டி. பழைய ஸ்கூல்லயே சேத்துடச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க," என்றாள். அழாமல் பேசினாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தருண் அதே பள்ளியில்தான் இருந்தான். தாளாளரைப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணா, இப்போது வந்தாலும் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஃபோட்டோ பற்றிப் பேசவில்லை. அதைச் செய்தியாக எடுத்துக்கொண்டு மறுநாளே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

அவள் கடையில் இல்லை. கல்வித்துறை அலுவலகத்தில் இருப்பாள் என்றார்கள். ஆட்டோ பிடித்துப் போனேன். அலுவலக வராண்டாவில் நியூஸ் பேப்பர் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர், நாற்று நடுகிறவர்கள், ஒரு ஆட்டோக்காரரின் மனைவி. எல்லாரும் ஆக்னஸின் பள்ளிப் பெண்களுடைய தாய்மார்கள். நடுவில் அவள். கணக்கு ஆசிரியரைக் கேட்டுத் தினமும் வேலைக்குப் போகாமல் வந்து உட்காருகிறார்களாம். அதிகாரி வரும்போதும் போகும்போதும் எழுந்து நிற்பதில்லை என்று முடிவாம். அது யார் யோசனை என்று கேட்க வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

ஆக்னஸ் பேசியதையும் தாளாளர் சொன்னதையும் சொன்னேன். பக்கத்துப் பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவகிட்டயே கேளுங்கக்கா. போறேன்னு சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். போன தடவ கேக்காம முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவ அப்படி இல்ல." பிறகு மற்ற பெண்களைக் காட்டினாள். "ஆனா நான் இங்கதான் உக்காந்திருப்பேன். இவுங்க பொண்ணுங்கள யார் வந்து கூட்டினு போவாங்க?"

ஆக்னஸும் அவள் தோழிகள் சிலரும் பிற்பகல் வந்தார்கள். சேர்க்கைக்காகப் பள்ளிக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டு வருகிறார்கள். ஆக்னஸ் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அம்மாவைப் பார்த்துச் சுருங்கியது. அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச நான் எழுந்திருப்பதற்குள் உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. அதிகாரி ஆக்னஸ் அம்மாவைக் கூப்பிடுகிறார். அவள், வா என்று மகளையும் கூப்பிட்டாள். நானும் பின்னால் போனேன். வராண்டாவிலிருந்து இரண்டு தாய்மார்களும் வந்தார்கள்.

அதிகாரி களைத்துப்போன மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். காலி இடத்தை நிரப்புவது தன் கையில் இல்லை, மேலே எழுதியிருக்கிறேன் என்றார். வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் யாரையாவது அனுப்புங்கள் என்றாள் அவள். எங்கேயும் ஆள் இல்லையே அம்மா என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஆக்னஸின் மதிப்பெண்ணைக் கேட்டார். கேட்டதும் அவர் முகம் தெளிந்தது.

"பொண்ணு இவ்ளோ மார்க் எடுத்துட்டு எதுக்கும்மா இங்க கஷ்டப்படணும். பக்கத்து ஊர்ல ஒரு நல்ல ஸ்கூல் இருக்கு. நான் ஒரு ஃபோன் பண்ணா போதும், உங்க பொண்ணுக்கு மட்டும் ஃபர்ஸ்ட் குரூப்ல சீட்டு வாங்கித் தந்துடறேன். பீஸ் எல்லாம் இல்லாம. நீங்க வெளிய இருக்கறவங்கள எழுந்து போவச் சொல்லுங்க."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கூட வந்த இரண்டு தாய்மார்களும் தரையைப் பார்த்தார்கள். எனக்கோ, சரி என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது. அவள் வாய் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது. திரும்பி மகளைப் பார்த்தாள்.

ஆக்னஸ் கதவோரத்தில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வராண்டாவில் அவள் தோழிகள்.

"மட்டும்னா வேணாம் சார்," என்றாள்.

அதிகாரிக்குக் காதில் விழவில்லையோ, நம்பமுடியவில்லையோ, என்னம்மா என்றார். ஆக்னஸுக்கு அம்மாவின் குரல் வரவில்லை. மெல்லிய குரல். அதை வைத்துக்கொண்டே மறுபடி சொன்னாள். "எனக்கு மட்டும்னா வேணாம். இங்கயே குரூப்பத் தொறங்க. நாங்க எல்லாரும் சேர்றோம்."

பெண்கள் அதற்குப் பிறகும் பல நாள் அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வேறு ஒரு பள்ளியின் கணக்கு ஆசிரியரை வாரத்தில் சில நாள் வந்து போகும்படி அனுப்பினார்கள். பிரிவு திறந்தது. அவர் பஸ் பிடித்து வர வேண்டும், பாதி நாள் தாமதம். பாடம் எப்போதும் பின்தங்கியே இருந்தது. பிள்ளைகள் தாங்களாகவே கூடி உட்கார்ந்து போட்ட கணக்குகள்தான் அதிகம். முழு நேர ஆசிரியருக்கான மனு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. நான் அவர்களைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அதிகாரியைப் பார்த்த அன்று, வெளியே வந்ததும் தாளாளர் சொன்னதையும் ஆக்னஸிடம் சொன்னேன்; அதுவும் வேண்டாம் என்றாள். என்னை ஏற்றிவிட அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். வழி முழுக்க இரண்டு பேரும் என்னிடம் மட்டுமே பேசினார்கள். கடலூர் பஸ் வரத் தாமதமானது. கூட்டம் எங்களை ஒரு கரும்புச் சாறு வண்டிப் பக்கமாகத் தள்ளியது. ஆக்னஸ் அம்மாவைப் பார்க்காமல், எதிரே நின்ற பஸ்ஸிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"உனக்காக ஒண்ணும் சொல்லல. பழைய ஸ்கூலுக்குப் போவ எனக்கு இப்பவும் ஆசதான்."

"தெரியும்," என்றாள் அவள்.

"உம்மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும். கேளு. நான் பதில் சொல்றேன்."

ஆக்னஸ் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "எட்டாங்கிளாஸ்ல ஏன் என்னைக் கேக்கல?"

அப்போது என் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் முண்டி ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் கரும்புச் சாறு வண்டி ஓரத்தில் எதிரெதிரே நின்று கைகளை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பியதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.